போர்டு உண்மையிலேயே தூங்குகிறதா?

பொள்ளாச்சிக்கு அருகே ஒரு தென்னந்தோப்பில், ஆழ்துளைக் கிணற்றின் நீர்மட்டத்தைக் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, மோடம் வழியாக அனுப்பும் கருவி ஒன்றை நாங்கள் பொருத்தியிருந்தோம். பொருத்திய ஐந்தாம் நாள் காலையில் தோப்புக்காரர் அழைத்தார். "ஏனுங்க தம்பி, பெட்டி நாலே நாள்ல நின்னுபோச்சுங்க. பேட்டரி சுத்தமா இல்லீங்க" என்றார். அந்த பேட்டரி ஒரு மாதம் தாங்கும் என்று அவரிடம் சொல்லியிருந்தவன் நான். தோப்பு முழுவதும் மட்டை நிழல் என்பதால் சோலார் பேனல் வைத்துப் பயனில்லை. மாதம் ஒருமுறை எங்கள் ஆள் போய் பேட்டரியை மாற்றிவிட்டு வருவதுதான் ஏற்பாடு. ஆகவே, கருவி தூங்க வேண்டிய நேரத்தில் ஒழுங்காகத் தூங்குகிறதா என்பதிலேயே முழுத் திட்டமும் அடங்கியிருந்தது.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பேட்டரி 10,000 மில்லிஆம்பியர் மணி. அது நான்கு நாளில், அதாவது 96 மணி நேரத்தில் தீர்ந்தது என்றால், கருவி சராசரியாக நூறு மில்லிஆம்பியருக்குச் சற்று மேல் எடுத்திருக்கிறது. விழித்திருக்கும் 20 நொடிகளில் அது சுமார் 300 மில்லிஆம்பியர் எடுக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அதை 900 நொடிக்குப் பகிர்ந்தால் சராசரியில் 7 மில்லிஆம்பியர்கூட ஆகாது. மீதமுள்ள தொண்ணூற்றுச் சொச்சம் மில்லிஆம்பியரும் தூங்கும் நேரத்தில்தான் செலவாகியிருக்க வேண்டும். ஆனால் கருவியில் ஓடும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதும் பதிவைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு கால் மணிக்கும் தூங்கப் போவதைச் சொல்லும் "சஸ்பெண்ட்" என்ற வரியும் விழிப்பதைச் சொல்லும் "ரெஸ்யூம்" என்ற வரியும் ஒரு பிழைச் செய்தியும் இல்லாமல் அழகாக வரிசையில் நின்றன. பதிவு தூங்கியதாகச் சொல்கிறது. பேட்டரி தூங்கவில்லை என்கிறது. இந்த இரண்டில் எதை நம்புவது என்பதில் நான் அன்று தயங்கினேன். இன்று தயங்க மாட்டேன்.

கருவிக்குள் இருக்கும் எங்கள் போர்டு, பீகிள்போன் பிளாக் என்னும் சிறு கணினிப் பலகையில் இருக்கும் அதே ஏஎம்335எக்ஸ் குடும்பச் சிப்பைக் கொண்டு நாங்களே வடிவமைத்தது. ஒற்றை கார்டெக்ஸ் ஏ8 கோர், டிடிஆர்3 நினைவகம். இந்தச் சிப்பின் தூக்கத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. உள்ளே கார்டெக்ஸ் எம்3 என்னும் இன்னொரு சிறிய புராசஸர் இருக்கிறது. பெரிய புராசஸர் கண்ணை மூடிய பிறகு பவர் டொமைன்களை, அதாவது சிப்பின் தனித்தனியாக மின்சாரம் பெறும் பகுதிகளை, அணைப்பதும், விழிக்க வைக்கும் சைகை வரும்வரை காத்திருந்து மீண்டும் எழுப்புவதும் அதன் வேலை. அதற்கென்று ஒரு ஃபர்ம்வேர் கோப்பு, அதாவது அதற்குள் ஓடும் சிறு புரோகிராம், உண்டு. லினக்ஸ் பூட் ஆகும்போது அதை ரூட் ஃபைல் சிஸ்டத்திலிருந்து எடுத்து எம்3-க்குள் ஏற்றுகிறது.

தோப்பிலிருந்த பெட்டியை மேசைக்குக் கொண்டுவந்து, மல்டிமீட்டரை நேரடியாகத் தொடரில் இணைத்து அளக்கப் பார்த்தேன். அது முதல் தவறு. மல்டிமீட்டரின் மில்லிஆம்பியர் வரம்பில் அதன் உள் மின்தடை கணிசமானது. தூங்கும்போது எல்லாம் சரியாக இருக்கும்; விழிக்கும் கணத்தில் மோடம் திடீரென்று மின்னோட்டத்தை இழுத்தால், அந்தத் தடையிலேயே வோல்டேஜ் விழுந்து போர்டு ரீசெட் ஆகிவிடும். இல்லாத பிழையைத் தேடி அரை நாள் போயிற்று. பிறகு 0.1 ஓம் ஷண்ட் மின்தடை ஒன்றை பேட்டரிக் கம்பியில் சேர்த்து, அதன் இரு முனைக்கும் இடையிலான வோல்டேஜை அளந்தேன். 10 மில்லிஆம்பியருக்கு 1 மில்லிவோல்ட். 500 மில்லிஆம்பியர் பாய்ந்தாலும் விழுவது 50 மில்லிவோல்ட்தான், போர்டுக்கு அது தெரியவே தெரியாது. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுக்கச் சொல்வது இந்த ஷண்டைத்தான். லினக்ஸ் கற்பது அதற்கு அடுத்தது.

ஷண்ட் காட்டியது 97 மில்லிஆம்பியர். தோப்பில் நடந்ததற்கும் மேசையில் நடப்பதற்கும் கணக்கு ஒத்துப்போயிற்று. பிழை கைக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது என்ற நிம்மதி வந்தது.

லினக்ஸில் தூக்கம் என்பது ஒரே நிலை அன்று. கெர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸின் பவர் அடைவிலுள்ள ஸ்டேட் கோப்பில் "மெம்" என்று எழுதினால் நினைவகத்தை மட்டும் உயிரோடு வைத்துக்கொண்டு மற்ற எல்லாம் அணைந்துவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மையில் அந்தச் சொல்லின் பொருளை, பக்கத்திலேயே இருக்கும் மெம்ஸ்லீப் என்னும் இன்னொரு கோப்பு தீர்மானிக்கிறது. அதில் "டீப்" தேர்வாகியிருந்தால் ஆழ்ந்த உறக்கம். "எஸ்2ஐடில்" தேர்வாகியிருந்தால் புரோகிராம்கள் உறைகின்றன, சாதனங்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்படுகின்றன, புராசஸர் வெறுமனே ஓய்வு நிலைக்குப் போகிறது. சிப்பின் பவர் டொமைன்களை அணைக்கும் கடைசிப் படி மட்டும் நடப்பதே இல்லை. அந்தப் பிளாட்ஃபார்ம் ஆழ்ந்த உறக்கத்தை ஆதரிக்கவில்லை என்று கெர்னல் கருதினால் "டீப்" என்ற சொல் அந்தக் கோப்பில் இடம்பெறாது. "மெம்" என்று எழுதும்போது எந்தப் புகாரும் இல்லாமல் எஸ்2ஐடிலுக்குப் போய்விட்டு, எந்தப் புகாரும் இல்லாமல் திரும்பியும் வரும்.

எங்கள் போர்டில் அந்தக் கோப்பைத் திறந்தேன். "எஸ்2ஐடில்" என்ற ஒரே சொல் சதுர அடைப்புக்குறிக்குள் இருந்தது. கெர்னல் பதிவை மறுபடி பார்த்தால், "சஸ்பெண்ட் என்ட்ரி" என்ற வரியின் இறுதியிலேயே அதே சொல் இத்தனை நாளும் அச்சாகியிருந்தது. எம்3-க்கான ஃபர்ம்வேர் கோப்பு எங்கள் இமேஜில், அதாவது கருவியில் ஏற்றிய மென்பொருள் தொகுப்பில், சேர்க்கப்படவே இல்லை. மேம்பாட்டுக்காக மேசையில் வைத்திருந்த வேறொரு போர்டில் அது இருந்தது, தோப்புக்குப் போன இமேஜைத் தயாரித்த ரெசிபியில் விடுபட்டுவிட்டது. எம்3 எழவில்லை என்பதால் ஆழ்ந்த உறக்கமும் பதிவாகவில்லை. கோப்பைச் சேர்த்து, மறுபடி பூட் செய்து, தூங்க வைத்தேன். ஷண்ட் 31 மில்லிஆம்பியர் காட்டியது.

இது முன்னேற்றம்தான், ஆனால் போதாது. விழிப்பு நேரத்தின் 7 மில்லிஆம்பியரையும் சேர்த்தால் பேட்டரி பதினொரு நாள் தாங்கும். ஒரு மாதம் தாங்க வேண்டுமானால் தூக்கத்துக்கு 7 மில்லிஆம்பியருக்கு மேல் இடமில்லை.

இங்கிருந்து தேடும் முறையே மாறுகிறது. முதல் பிழையை மென்பொருளின் கோப்புகளிலேயே படித்துவிடலாம். மீதி 24 மில்லிஆம்பியர் எந்தக் கோப்பிலும் எழுதப்பட்டிருக்காது. கெர்னலைப் பொறுத்தவரை தூக்கம் என்பது சாதனங்களை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஒவ்வொன்றும் தன் பங்கைச் செய்துவிட்டதாகச் சொல்லும் உறுதிமொழிகளின் தொகுப்பு. ஒரு டிரைவர் பூஜ்யம், அதாவது பிழை இல்லை, என்று திருப்பி அனுப்பினால் கெர்னல் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. அந்தச் சிப் உண்மையிலேயே மின்சாரம் குடிப்பதை நிறுத்தியதா என்று சரிபார்க்க அதனிடம் வழி எதுவும் கிடையாது.

முதலில், பிழை தேடுவதற்கான தகவல்களைக் கெர்னல் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸில் இருக்கும் ரெகுலேட்டர் (ஒவ்வொரு தடத்துக்கும் வோல்டேஜ் தரும் சுற்று) சுருக்கத்தைப் பார்த்தேன். எந்தெந்த ரெகுலேட்டரை யார் யார் பிடித்திருக்கிறார்கள் என்று அது மரம்போல விரித்துக் காட்டும். ஈதர்நெட் சிப்புக்கான 3.3 வோல்ட் ரெகுலேட்டரை யாரும் பயன்படுத்தவில்லை. இருந்தும் அது எரிந்துகொண்டிருந்தது. போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் அதற்குக் கீழே "ரெகுலேட்டர் ஆல்வேஸ் ஆன்" என்று ஒரு வரி இருந்தது. மாதிரி போர்டின் டிவைஸ் ட்ரீயை நகலெடுத்துத் தொடங்கியபோது கூடவே வந்த வரி அது. மேசையில் கோப்புகளை மாற்ற மட்டும் பயன்படும் ஈதர்நெட், தோப்பின் நடுவே பதினைந்து நிமிடமும் விழித்திருந்தது. வரியை நீக்கியதும் 8 மில்லிஆம்பியர் குறைந்தது.

மீதியில் 14 மில்லிஆம்பியர் என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வகைக் கசிவை நான் அதன் பிறகு வேறு இரண்டு போர்டுகளிலும் பார்த்துவிட்டேன்.

டிரைவர் மாட்யூல்களை ஒவ்வொன்றாகக் கெர்னலிலிருந்து இறக்கி, ஒவ்வொரு முறையும் தூங்க வைத்து அளந்தேன். எதுவும் மாறவில்லை. எல்லா டிரைவர்களையும் இறக்கிய பிறகும் 14 மில்லிஆம்பியர் அப்படியே நின்றது. டிரைவரே இல்லாதபோது யார் குடிக்கிறார்கள்? அன்று மாலை, போர்டைத் தூங்க வைத்துவிட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைத் தரையில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு பவர் தடத்தையும் தொட்டுக்கொண்டே போனேன். 1.8 வோல்ட் தடம்: பூஜ்யம், சரி. சென்சார் தடம்: பூஜ்யம், சரி. மோடத்தின் தடம் பூஜ்யமாக இருக்க வேண்டும். அதன் பவர் சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. ஆனால் மீட்டர் 2.6 வோல்ட் காட்டியது. ஏதோ தவறாகத் தொட்டுவிட்டேன் என்று நினைத்து மீண்டும் தொட்டேன். 2.6.

மோடத்துக்குப் பின்வாசல் வழியாகச் சோறு போய்க்கொண்டிருந்தது. நாங்கள் மோடத்தின் பவரை அணைத்தோம். ஆனால் அதற்குச் செல்லும் சீரியல் கம்பிகளை அணைக்கவில்லை. சீரியல் போர்ட்டின் அனுப்பும் கம்பி சும்மா இருக்கும்போது உயர்ந்த நிலையில், அதாவது 3.3 வோல்ட்டில் இருப்பதுதான் இயல்பு. அந்தக் கம்பி மோடத்தின் பின்னுக்குள் நுழையும் இடத்தில், நிலைமின் அதிர்ச்சியிலிருந்து சிப்பைக் காக்க ஒரு டையோடு, பின்னிலிருந்து பவர் தடத்தை நோக்கி வைக்கப்பட்டிருக்கும். பவர் தடத்தில் வோல்டேஜ் இருக்கும்வரை அந்த டையோடு கதவை மூடிக்கொண்டிருக்கும். தடம் அணைந்ததும் கதவு திறந்துவிடுகிறது: 3.3 வோல்ட் கம்பியிலிருந்து மின்னோட்டம் டையோடு வழியாகத் தடத்துக்கு ஏறி, டையோடின் பங்காகச் சுமார் 0.7 வோல்ட்டை இழந்து, மோடத்தை அரைகுறையாக உயிர்ப்பித்து வைக்கிறது. பவர் இல்லாத மோடம், பவர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத தடுமாற்றத்தில் 14 மில்லிஆம்பியரைக் குடித்தது. இது சில நாள் தொடர்ந்தால் சிப்புக்கே கேடு.

தீர்வு டிவைஸ் ட்ரீயில் இருந்தது. ஒவ்வொரு சாதனத்தின் பின்களுக்கும் "டீஃபால்ட்" என்று ஒரு நிலை எழுதுவதுபோல "ஸ்லீப்" என்று இன்னொரு நிலையும் எழுத முடியும். அதில் மோடத்துக்குப் போகும் எல்லாப் பின்களையும் உள்ளீடாக மாற்றி, கம்பியைப் பூஜ்ய வோல்ட்டுக்கு இழுக்கும் புல்டவுன் இட்டேன். அந்த நிலையைத் தூங்கும்போது தேர்ந்தெடுக்க வேண்டியது டிரைவர் என்பதால், எங்கள் மோடம் டிரைவரின் சஸ்பெண்ட் பகுதியில் அதற்கான அழைப்பையும் சேர்த்தேன். வரிசை முக்கியம்: தூங்கப் போகும்போது முதலில் பின்களைக் கீழே இறக்கி, அதன் பிறகே பவரை அணைக்க வேண்டும், விழிக்கும்போது முதலில் பவர், பிறகு பின்கள். ஷண்ட் 9 மில்லிஆம்பியருக்கு இறங்கியது. மோடத் தடத்தைத் தொட்டுப் பார்த்தேன், பூஜ்யம்.

இதற்கிடையே எழுந்த வேறொரு சிக்கல் மென்பொருளால் தீரவில்லை. மோட்டார் ஸ்டார்ட்டரிலிருந்து ஒரு கம்பி கருவிக்கு வருகிறது. மோட்டார் ஓடத் தொடங்கினால் நீர்மட்டம் வேகமாக இறங்கும் என்பதால், கருவி உடனே விழித்து அடிக்கடி அளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எஸ்2ஐடிலில் அது சரியாக விழித்தது. ஆழ்ந்த உறக்கத்துக்கு வந்ததும் அந்தக் கம்பிக்குக் கருவி செவிடாகிவிட்டது. இந்தச் சிப்பில் ஆழ்ந்த உறக்கத்தின்போது உயிரோடு இருப்பது விழிப்பு டொமைன் மட்டும். பொதுப் பயன் பின்களின் தொகுதிகளான நான்கு ஜிபிஐஓ வங்கிகளில் பூஜ்யமாவது வங்கி மட்டுமே அதற்குள் இருக்கிறது. நாங்கள் கம்பியை இணைத்திருந்ததோ அதற்கு அடுத்த, 1 என்று எண்ணிட்ட வங்கியின் பின்னில். சிப்பின் கையேட்டில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. போர்டின் வரைபடத்தைப் பார்வையிட்டபோது எங்களில் யாரும் அந்தக் கண்ணோடு பார்க்கவில்லை. தடத்தைக் கத்தியால் வெட்டி, மெல்லிய கம்பியால் பூஜ்யமாவது வங்கியின் காலிப் பின்னுக்குத் தாவ வைத்துச் சால்டர் செய்தோம். எந்தப் பின் எந்த டொமைனில் இருக்கிறது என்ற கேள்வியை வரைபட நிலையிலேயே கேட்க வேண்டும்; சஸ்பெண்ட்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பதை நான் இவ்வளவு கடுமையாக எதிர்ப்பது இதனால்தான்.

அந்தக் கம்பி இன்னொரு நுட்பமான விஷயத்தையும் கற்றுக்கொடுத்தது. புரோகிராம் "இனி வேலை இல்லை" என்று முடிவெடுத்து, ஸ்டேட் கோப்பில் எழுதும் அந்த இடைவெளியில் மோட்டார் ஓடத் தொடங்கினால் என்ன ஆகும்? சைகை வந்துவிட்டது, ஆனால் தூக்கத்தை யாரும் நிறுத்தவில்லை. அடுத்த கால் மணி வரை அது கவனிக்கப்படாது. கருவி தூங்கிவிடாமல் பிடித்துவைக்கும் ஆண்ட்ராய்டின் வேக்லாக் பற்றிய நீண்ட விவாதங்களின் மையத்தில் இருந்ததும் இதே போட்டிதான். அதற்கு விடையாகக் கெர்னல் மேம்பாட்டாளர் ரஃபேல் வைசோக்கி கொண்டுவந்த வேக்அப் கவுன்ட் கோப்பு, 2010-இல் வெளிவந்த 2.6.36 கெர்னலில் சேர்ந்தது. அதன் எண்ணைப் படித்துக்கொண்டு, வேலை மீதமில்லை என்று உறுதிசெய்துகொண்டு, அதே எண்ணைத் திரும்ப எழுத வேண்டும். இடையில் ஏதாவது சைகை வந்திருந்தால் அந்த எழுத்து தோற்றுவிடும். தூங்கப் போகக்கூடாது என்று பொருள். ஷெல்லில் நான்கு வரியில் முடிகிற வேலை. இன்றும் பல போர்டுகளில் இதைச் செய்யாமலே ஸ்டேட் கோப்பில் எழுதுவதைப் பார்க்கிறேன்.

கடைசியாக வந்தது விழிக்காத பிழை. குறித்த நேரத்தில் எழுப்பும் ஆர்டிசிவேக் கட்டளையைக் கொண்டு அரை நிமிடத்துக்கு ஒரு சுற்றாக இரவு முழுவதும் தூங்கி எழ வைத்தேன். எட்டு மணி நேரத்தில் 960 சுற்று. மேசையிலிருந்த பவர் சப்ளையில் ஒரு சுற்றுகூடத் தோற்கவில்லை. பாதி தீர்ந்த பேட்டரியைக் கோத்தால் மட்டும், சில இரவுகளில் நூறு சுற்றைத் தாண்டும் முன்பே, சில இரவுகளில் அறுநூறைத் தாண்டிய பிறகு, போர்டு விழிப்பதற்குப் பதிலாகப் புதிதாகப் பூட் ஆகியிருந்தது. விழிக்கத் தொடங்கிய பத்து நொடியில் செய்தி வராவிட்டால் ரீசெட் செய்யும் வெளி வாட்ச்டாக் அதைக் கடித்திருக்கிறது.

பிழை எந்தக் கட்டத்தில் என்று குறுக்க, கெர்னலின் பிஎம் டெஸ்ட் வசதி இருக்கிறது. ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், புராசஸர்ஸ், கோர் என ஒரு படியின் பெயரை எழுதினால், அதுவரை மட்டும் இறங்கி, ஐந்து நொடி நின்று, திரும்ப ஏறிவிடும். டிவைசஸ் வரை இறங்கியபோதே பிழை ஒருமுறை தலைகாட்டியது. எம்3-யும் டிடிஆரும் குற்றமற்றவை என்று தெரிந்துகொண்டேன். அடுத்து, கன்சோல் தூங்காமலிருக்க நோ கன்சோல் சஸ்பெண்ட் என்ற அளவுருவைக் கொடுத்தேன். வழக்கமாக இது பெரிய துணை. கன்சோலே தூங்கிவிட்டால் கெர்னலின் கடைசிச் சொற்கள் நமக்கு எட்டாமலே போகும். ஆனால் 115200 பாட் வேகத்தில் 80 எழுத்து கொண்ட ஒரு வரி அச்சாக ஏறக்குறைய 7 மில்லிநொடி ஆகிறது. நூற்றுக்கணக்கான வரிகள் அச்சானால் விழிப்பே சில நொடி நீள்கிறது. அதன் பிறகு எந்த நேர அளவையும் நம்ப முடியவில்லை.

ஆகவே அச்சிடுவதை விட்டுவிட்டு, பூஜ்யமாவது வங்கியில் மிஞ்சியிருந்த இரண்டு பின்களை எடுத்துக்கொண்டேன். ஒன்றை, பேட்டரியின் மீதத்தைச் சொல்லும் ஃபியூல் கேஜ் சிப்பின் இன்டரப்ட் திரெட்டில், அதாவது அந்தச் சிப் கவனம் கேட்டுச் சைகை தரும்போது ஓடும் நிரலில், மேலும் கீழும் ஆட்ட வைத்தேன். இன்னொன்றை, அந்தச் சிப்போடு பேசும் இணைப்பான ஐ2சி-யின் டிரைவர் விழித்ததும் உயர்த்த வைத்தேன். இரண்டையும், கம்பிகளின் ஏற்ற இறக்கத்தை நேரத்தோடு பதியும் லாஜிக் அனலைசரில் கோத்தேன். நல்ல சுற்றுகளில் இரண்டாவது கோடு உயரும், முதல் கோடு அசையாது. மூன்றாம் நாள் இரவில் பிடிபட்ட கெட்ட சுற்றில், முதல் கோடு சீப்பின் பற்கள்போல நெருக்கமாக, வாட்ச்டாக் கடிக்கும் கணம் வரை ஆடிக்கொண்டே இருந்தது. இரண்டாவது கோடு உயரவே இல்லை.

விழிக்கும் கணத்தின் இழுப்பில் பலவீனமான பேட்டரியின் வோல்டேஜ் சற்று விழுகிறது; ஃபியூல் கேஜ் எச்சரிக்கைக் கம்பியைக் கீழே இழுக்கிறது. சாதன இன்டரப்ட்கள் திறந்துவிட்ட அந்த நேரத்தில் ஐ2சி இன்னும் எழவில்லை. திரெட் சிப்பைப் படிக்க முயன்று தோற்கிறது. எச்சரிக்கையை நீக்க முடியாததால் கம்பி கீழேயே இருக்கிறது. இன்டரப்ட் மறுபடி வருகிறது. இன்டரப்ட் திரெட்டுக்கு நிகழ்நேர முன்னுரிமை உண்டு, கோரோ ஒன்றுதான். அந்த முன்னுரிமைக்குக் கெர்னல் இயல்பாக விதிக்கும் வரம்பால், ஒவ்வொரு நொடியிலும் 50 மில்லிநொடி மட்டுமே மற்றவர்களுக்குக் கிடைக்கிறது. ஐ2சி-யை எழுப்ப வேண்டிய வேலை அந்த மற்றவர்களின் வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

ஃபியூல் கேஜ் டிரைவரின் சஸ்பெண்ட்டில் இன்டரப்டை நிறுத்தும் ஒரு வரி, ரெஸ்யூமில் திறக்கும் ஒரு வரி. தாய்ச் சாதனமான ஐ2சி எழுந்த பிறகே அதன் பிள்ளையான ஃபியூல் கேஜின் ரெஸ்யூம் அழைக்கப்படும் என்பதால், வரிசை தானாகவே சரியாகிவிட்டது. ஒரு வாரம், பாதி தீர்ந்த பேட்டரிகளை மாற்றி மாற்றிக் கோத்து, ஆறாயிரம் சுற்றுக்கு மேல் ஓட்டினேன். ஒன்றும் தோற்கவில்லை.

9 மில்லிஆம்பியர் தூக்கத்தோடு விழிப்பின் 7 சேர்ந்தால் 26 நாள்தான் வருகிறது. ஒரு மாதத்துக்கு நான்கு நாள் குறைவு. அதனால் கால் மணிக்கு ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டு, மோடத்தை மணிக்கு ஒருமுறை மட்டும் எழுப்பும்படி மாற்றினோம். மோடம் இல்லாத விழிப்பு மூன்று நொடியில் முடிந்துவிடுகிறது. விழிப்பின் பங்கு 2 மில்லிஆம்பியருக்கு இறங்கியது. மோட்டார் ஓடும்போது மட்டும் செய்தி உடனுக்குடன் போகும். புதிய இமேஜோடும் வெட்டி ஒட்டிய கம்பியோடும் பெட்டியைத் தோப்புக்குக் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டு, முப்பத்திரண்டாம் நாள் போய் பேட்டரியைக் கழற்றி அளந்தேன். அதில் இன்னும் மீதம் இருந்தது.